சந்தை நிலவரம் எழுதும் தம்பிக்கு



கச்சா எண்ணெய் ஏறிய செய்தி வந்ததும் விக்கிரவாண்டி பெட்ரோல் பங்கின் விலைப்பலகையைப் பார்த்து நீ எழுதிய கட்டுரையை இருமுறை வாசித்தேன். பரிசிரமம் தெரிகிறது, ஆயினும் பலகையோடு நின்றுவிட்டாயே என்பது என் மனக்குறை.

2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு சர்க்கார் கணித்து வந்த நுகர்வோர் விலைக் குறியீட்டில் டீசலுக்குக் கிடைத்த இடம் நூற்றுக்கு 0.15 மாத்திரமே, 2011-12-ஐ அடிப்படையாகக் கொண்ட மொத்த விலைக் குறியீட்டிலோ 3.10. குடித்தனக்காரரில் பெரும்பாலோர் நேரே போய் டீசல் வாங்குவதில்லை. ஆனால் அதே டீசல் டிராக்டர் வாடகையாகவும் லாரி வாடகையாகவும் ரூபம் மாறி, அவர்கள் வாங்கும் அரிசியிலும் பருப்பிலும் மறைந்து பிரவேசிக்கிறது. ஆகையால் மொத்த விலை உடனே அசைகிறது. சில்லறை விலை தாமதித்தே அசைகிறது.

தஞ்சாவூர்ச் சாலை பிரிகிற விக்கிரவாண்டியில், டீக்கடைப் பெஞ்சில் அமர்ந்து டீசல், சுங்கம், பேட்டா, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று கணக்கெழுதும் லாரி ஓட்டுநரிடம் பேசு. பிறகு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போ. குவியலிலிருந்து ஒரு மணிலாக்கொட்டையை எடுத்து, விரலால் நசுக்கி, பருப்பை உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கிற வியாபாரி, சீட்டில் விலை எழுதுமுன்பே, எண்ணெய் ஆலை வரை ஆகும் வாடகையை மனத்துக்குள் கழித்துவிடுகிறார். ஊருக்குள் வரும் சரக்கில் வாடகை கூட்டல். ஊரைவிட்டுப் போகும் சரக்கில் கழித்தல். டீசல் விலையை உழவுக்கு ஒருமுறை கொடுத்த விவசாயி, விற்கும்போது இரண்டாம் முறையும் கொடுக்கிறார். இதை அநியாயம் என்றே நான் கருதுகிறேன். நம் பத்திரிகைகள் இதை எழுதுவதே இல்லை.

இறக்கத்தையும் கவனி. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியபோது, உலகச் சந்தையில் இறங்கினால் இங்கும் இறங்கும் என்று எல்லோரும் நம்பினோம். ஆனால் 2020 மே மாதத்தில், கச்சா எண்ணெய் அதலபாதாளத்தில் கிடந்த தருணத்திலேயே, மத்திய சர்க்கார் டீசல் மீதான வரியை லிட்டருக்கு 13 ரூபாய் உயர்த்திற்று. சரிவின் லாபம் கஜானாவுக்குப் போயிற்று, களத்துமேட்டுக்கு வரவில்லை.

அடுத்த வாரம் முதல், மணிலா விலைக்குப் பக்கத்தில் அன்றைய லாரி வாடகையையும் ஒரு வரி சேர்த்து எழுது. ஆசிரியர் இடமில்லை என்று வெட்டினால், மறு வாரமும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்