மிட்டாய் மாடு, பொங்கும் பானை!

அமெரிக்காவில் நவம்பர் மாத நான்காம் வியாழனன்று விளைச்சலுக்கு நன்றி சொல்லும் விழா. அன்று குழந்தைகள் மிட்டாயால் வான்கோழி செய்து மகிழ்வார்கள். நமக்குத்தான் பொங்கல் இருக்கிறதே! தாம்பரம் சண்முகம் சாலையில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கும்போது, மிட்டாய் மாடும் பானையும் கரும்பும் செய்யக் கீழே உள்ள பொருட்களையும் வாங்கிவந்து குட்டிகளைக் களத்தில் இறக்குங்கள்.

● மாட்டு முகம்: மேரி பிஸ்கட்டில் உருக்கிய சாக்லேட்டைத் தடவுங்கள். வளைந்த முந்திரி இரண்டு கொம்பு, ஜெம்ஸ் இரண்டு கண், சிவப்பு ஜெம்ஸ் மூக்கு.

● பொங்கல் பானை: உலர்ந்த தேங்காய்த் துருவல் 100 கிராம், கன்டென்ஸ்டு மில்க் 200 கிராம். சிறு தீயில் கெட்டியாகும்வரை கிளறி, கை பொறுக்கும் சூட்டில் குட்டிப் பானையாகப் பிடியுங்கள். மேலே கலர் சீரக மிட்டாய் தூவினால் பானை பொங்கிவிடும்!

● கரும்பு: குச்சி பிஸ்கட்டில் சாக்லேட் கோடுகள் கணு, நுனியில் பச்சை டூட்டி ஃப்ரூட்டி தோகை.

கவனிக்க:

● சாக்லேட்டை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் திரிந்துவிடும். இது பெரியவர்கள் வேலை.

● மிட்டாயைக் கடைசியில் ஒட்டுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் வியர்த்துச் சாயம் இறங்கும்.

● 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழு முந்திரி, ஜெம்ஸ், சீரக மிட்டாய் வேண்டாம், தொண்டையில் சிக்கும். பொடியாக நறுக்கிய டூட்டி ஃப்ரூட்டி போதும்.

● சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

முதல் மாட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். நன்றி சொல்லக் குழந்தை அப்படித்தான் பழகும்.