வளைந்தாலும் சுழலும் கம்பி

கேள்வி: நகைப் பட்டறையில் மோட்டாரைத் தலைக்கு மேல் தொங்கவிட்டு, அதிலிருந்து இறங்கும் கேபிளின் முனையில் ஹேண்ட்பீஸைப் பிடித்து வேலை செய்கிறோம். இது பல் டாக்டர்களிடமிருந்து வந்தது என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. கேபிளுக்குள் சுழலும் வளையும் கம்பி பல் மருத்துவத்துக்குப் போவதற்கு முன்பே ஓர் இயந்திரப் பட்டறையில் இருந்தது. 1829-இல் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் ஜேம்ஸ் நாஸ்மித் என்ற இளைஞர் வேலை பார்த்தார். பின்னாளில் நீராவிச் சம்மட்டியால் புகழ்பெற்றவர் இவர்தான். சாதாரண துரப்பணம் எட்டாத இடத்தில் துளை போட வேண்டியிருந்தது. எஃகுக் கம்பியை நெருக்கமான சுருளாகச் சுற்றி, சுமார் 60 செ.மீ. நீளத்தில் ஒரு தண்டு செய்து, ஒரு முனையைச் சுழற்றினார். மறுமுனையில் இருந்த துரப்பணமும் சேர்ந்து சுழன்றது. குறுக்கே இருந்த தடையைச் சுற்றிக்கொண்டும் அது வேலை செய்தது.

அமெரிக்கப் பல் மருத்துவர் ஜேம்ஸ் மோரிசன், தையல் மெஷினைப் போலக் காலால் மிதிக்கும் துரப்பண இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1871-இல். அதில் சுழற்சியைக் கொண்டு சென்றது கயிறும் கப்பிகளும். வளையும் கம்பி அதன் பின்னர்தான் பல் மருத்துவத்தில் பரவியது. நாஸ்மித் முதுமையில் ஒரு பல் மருத்துவரிடம் அதைப் பார்க்கிறார். அமெரிக்காவின் புதுமை என்று சொல்கிறார்கள். 1829-இல் தான் செய்ததன் நகல்தான் அது என்று 1883-இல் வெளியான தன்வரலாற்றில் எழுதிவைத்தார். அந்தப் பெருமை அவருக்கு உரியதே. கட்டடத்தில் கான்கிரீட்டைக் கெட்டிக்கும் வைப்ரேட்டர், பழைய பைக்கின் ஸ்பீடாமீட்டர் கேபிள் எல்லாம் இதே குடும்பம்.

கேள்வி: எங்கள் பட்டறையில் உள்கம்பி அடிக்கடி அறுந்துபோகிறது. மட்டமான சரக்கா?

பதில்: சரக்கின் மேல் பழி போடுமுன் கம்பியின் அமைப்பைப் பாருங்கள். நடுக்கம்பியின் மேல் மெல்லிய கம்பிகளை அடுக்கடுக்காகச் சுற்றியிருப்பார்கள். ஓர் அடுக்கு வலப்பக்கம் சுற்றினால் அடுத்தது இடப்பக்கம். மோட்டார் வழக்கமான திசையில் ஓடும்போது வெளி அடுக்கு இறுகி உள்ளே அழுத்தும். அதனால் முறுக்குவிசை கடத்தப்படுகிறது. ஒரு திசைக்கென்றே சுற்றிய கம்பியை எதிர்த்திசையில் ஓட்டினால் அந்த அடுக்கு தளரும், பாரம் தாங்கும் திறனும் குறையும். ஆகவே ரிவர்ஸில் கனமான வேலை வேண்டாம்.

அடுத்தது வளைவு. ஹேண்ட்பீஸ் மேஜை மேல் வரும்போது கேபிள் பெரிய வளைவாக, தளர்வாக இறங்கும் உயரத்தில் மோட்டாரைத் தொங்கவிடுங்கள். உறையைக் கையால் தடவுங்கள். ஓர் இடம் மட்டும் சூடாக இருந்தால் அங்கே வளைவு அதிகம், கம்பி உறையின் உள்சுவரில் உராய்கிறது என்று பொருள்.

ஹேண்ட்பீஸ் முனையில் மாட்டிய பர் (வெட்டும் முனை) உலோகத்தில் கடித்து நின்றுபோனால் உடனே மோட்டாரை இயக்கும் பெடலிலிருந்து காலை எடுங்கள். மோட்டார் தொடர்ந்து சுழல முயல, முனை நகராமல் இருக்க, நடுவில் கம்பி முறுக்கேறி முடிச்சு விழும். கம்பி அறுவது பெரும்பாலும் அந்த நொடியில்தான்.

கிரீஸைப் பொறுத்தவரை, ஏறத்தாழ 50 மணி நேர வேலைக்கு ஒருமுறை கம்பியை வெளியே எடுத்து, பழைய அழுக்கைத் துடைத்து, மெல்லிய பூச்சாகப் புது கிரீஸ் தடவினால் போதும். அள்ளிப் பூசினால் மிச்சம் ஹேண்ட்பீஸுக்குள் இறங்கி பேரிங்கைக் கெடுக்கும்.

கேள்வி: இவ்வளவு சின்ன கருவிக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியமா?

பதில்: அவசியம். 25 மி.மீ. விட்டமுள்ள தட்டு நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு சுமார் 85 கி.மீ. வேகத்தில் போகிறது. அது உடைந்தால் துண்டு அந்த வேகத்தில்தான் முகத்துக்கு வரும். ஒவ்வொரு தட்டிலும் பிரஷ்ஷிலும் எழுதியிருக்கும் உச்ச வேகத்தைத் தாண்டாதீர்கள். தட்டைத் தாங்கும் மேண்ட்ரலை, அதைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் உள்ளே நன்றாகச் செலுத்தி இறுக்குங்கள். வெளியே நீளமாக நீட்டிக்கொண்டிருந்தால் வேகத்தில் வளைந்து சாட்டைபோல் வீசும்.

நகைத் தொழிலாளிகளிடம் மன்றாடிக் கேட்கிறேன்: சங்கிலியைக் கையில் தொங்கவிட்டபடி பஃப் போடாதீர்கள். அது தண்டில் சுற்றிக்கொண்டு விரலையும் இழுத்துவிடும். மரக்கட்டையில் சுற்றிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக மெருகேற்றுங்கள். துணிக் கையுறையும் கூடாது. அகேட், குவார்ட்ஸ் போன்ற கற்களை உலர்வாக அரைத்தால் சிலிக்கா தூசு நுரையீரலில் தங்கி ஆறாத நோய் தரும். ஈரத்தோடு அரையுங்கள், அதற்குரிய சுவாசக் கவசமும் அணியுங்கள்.

பர் மாற்றும்போது பெடலை எட்டாத தூரத்துக்குத் தள்ளிவையுங்கள். சக்கை இறுக்கும் சாவி அதிலேயே இருக்கும்போது தவறுதலாகக் கால் பட்டால் சாவி சுழன்று விரல்களைத் தாக்கும்.