மலைநாட்டு வீட்டுத் தோட்டத்தில் அசேலியா

நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு முதலிய மலைப்பகுதிகளில் வீட்டு முற்றங்களை அணிசெய்யும் செடிகளுள் அசேலியா சிறப்பிடம் பெற்றது. குளிர் தணியும் பருவத்தில் இலை தெரியாவண்ணம் வெள்ளை, இளஞ்சிவப்பு, செந்நிறப் பூக்களால் மூடி நிற்கும் இச்செடியைக் கண்டவர், தம் வீட்டிலும் ஒன்று வைக்க விழைவது இயல்பே. ஆயினும், விலை கொடுத்து வாங்கி நட்ட செடி ஓரிரு ஆண்டுகளில் மஞ்சளித்து மடிவதையும் காண்கிறோம். இதற்குப் பெரும்பாலும் காரணம் பூச்சியோ நோயோ அன்று, மண்ணே காரணம்.

அசேலியா, ரோடோடெண்ட்ரான் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காடுகளின் ஓரத்தில் சிவந்த பூங்கொத்துகளோடு நிற்கும் காட்டுப்பூவரசு மரம் இதற்கு நெருங்கிய உறவாகும். தோட்டத்தில் நாம் வளர்க்கும் வகைகளோ பெரும்பாலும் சீனாவிலும் ஜப்பானிலும் தோன்றிய இனங்களின் வழிவந்தவை. 1753-இல் லின்னேயஸ் என்னும் தாவர நூலறிஞர் இவற்றுள் ஒன்றுக்கு ‘இண்டிகா’ என்று பெயர் சூட்டினார். பெயரைக் கொண்டு அதனை இந்தியச் செடி என்று எண்ணிவிடலாகாது. அதன் தாயகம் ஜப்பான்.

இக்குடும்பத்துச் செடிகள் பெரும்பாலும் புளிப்பு மண்ணை, அதாவது அமிலத் தன்மையுள்ள மண்ணை நாடுபவை. மண்ணின் அமில காரக் குறியீடு 7 ஆனால் அது நடுநிலை. அதற்குக் குறைந்தால் புளிப்பு. அசேலியாவிற்கு 4.5 முதல் 6 வரை இருத்தல் வேண்டும். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் இதனை அறிந்துகொள்ளலாம். தேயிலை செழிக்கும் மண்ணில் அசேலியாவும் செழிக்கும் என்பது நம்பத்தக்க அடையாளம். மலையில் பெய்யும் மிகுந்த மழை மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடுவதால் அங்கே மண் இயல்பாகவே புளித்திருக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலோ இரும்புச் சத்து இருந்தும் வேருக்கு எட்டாது. அப்பொழுது தளிர் இலைகள் மஞ்சளிக்கும். நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும்.

நல்ல மண்ணையும் நாமே கெடுத்துவிடுவதுண்டு. அடுப்புச் சாம்பலையும் முட்டை ஓட்டையும் செடியடியில் கொட்டுவது நம் இல்லங்களில் நெடுநாள் வழக்கம். கத்தரிக்கும் அவரைக்கும் அது நன்று. அசேலியாவிற்கு நஞ்சுக்கு ஒப்பாகும். வெள்ளையடித்த சுவரை ஒட்டியும் சிமெண்டுத் தளத்தின் ஓரத்திலும் இதனை நடலாகாது. மழைநீர் அங்கிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும். உருளைக்கிழங்குப் பாத்திக்குச் சுண்ணாம்பு இடும் குடியானவர்கள், அசேலியாவை அப்பாத்திக்குத் தொலைவில், மேட்டுப்புறமாக நடுவது நலம். செடி மஞ்சளித்துவிட்டால், அன்னபேதியை லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து இலைமீது தெளிக்கப் பச்சை திரும்பும். ஆனால் இது தற்காலிகப் பரிகாரமே. மண் திருந்தினால்தான் செடி பிழைக்கும்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஆனி மாதம் நடுவதற்கு ஏற்றது. காலையில் வெயிலும் நண்பகலில் மரநிழலும் படும் இடமாகப் பார்க்க வேண்டும். இதன் வேர்கள் மயிர்போல் மெல்லியவை. பெரும்பாலும் மேல்மண்ணில் ஓரடிக்குள்ளேயே பரவுபவை. ஆகையால் குழி ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருப்பதே முக்கியம். தொட்டியிலிருந்து எடுக்கும் வேர்க்கட்டி உலர்ந்திருந்தால், நட்டபின் எவ்வளவு நீர் ஊற்றினும் உள்ளே இறங்காது. முதலில் வாளி நீரில் அமிழ்த்தி நன்கு ஊறவைக்க வேண்டும். பிறகு இலைமக்கு கலந்த மண்ணில், வேர்க்கட்டியின் மேற்புறம் நிலமட்டத்திற்கு ஓரங்குலம் உயர்ந்திருக்குமாறு நட வேண்டும். ஆழப் புதைத்தாலும் நீர் தேங்கினாலும் வேர் அழுகிவிடும்.

செடியடியில் களைக்கொட்டு படவே கூடாது; களையைக் கையால் பிடுங்குவதே முறை. பைன் மரத்து ஊசியிலைகளை இரண்டு மூன்று அங்குலத்திற்கு மூடாக்காகப் பரப்பினால் ஈரம் காயாது, களையும் அடங்கும். தண்டை ஒட்டி மட்டும் பரப்ப வேண்டாம். உரம் மிகுதியாக வேண்டுவதில்லை. பூத்து ஓய்ந்தபின் சிறிதளவு அமோனியம் சல்பேட் போதும். கவாத்தும் அப்பொழுதே செய்துவிட வேண்டும். அடுத்த ஆண்டின் மொக்குகள் அதற்குப்பின் வரும் புதுக்கிளைகளில்தான் உருவாகின்றன. காலம் தாழ்த்தி வெட்டுவோர் பூவையே வெட்டுகின்றனர். மழைக்காலத்தில் சில இலைகள் தடித்துக் கொழுக்கட்டைபோல் உப்புவதுண்டு. தேயிலையின் கொப்புள நோய்க்குக் காரணமான பூஞ்சையின் இனமே இதற்கும் காரணம். அவை வெண்மையாக மாறுமுன் கிள்ளி எரித்துவிட்டால் மருந்து தேவைப்படாது.

சமவெளி வாசகர்கள் சுற்றுலா சென்று திரும்புகையில் இச்செடியைத் தொட்டியோடு வாங்கி வருவதைக் காண்கிறோம். வெப்பமும் கிணற்று நீரின் உப்பும் அதனை நெடுநாள் வாழவிடா. அப்பணத்திற்குச் செம்பருத்தி வாங்கலாம்.

ஆடு மாடு வளர்ப்போர் தவறாது அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அசேலியாவின் இலை, பூ, தேன் அனைத்திலும் நஞ்சு உள்ளது. உடல் எடையில் ஆயிரத்தில் இரண்டு பங்கு இலை தின்றாலே கால்நடைக்குத் தீங்கு நேரலாம். 30 கிலோ எடையுள்ள ஆட்டிற்கு அது 60 கிராம், ஏறத்தாழ ஒரு கைப்பிடி. பசும்புல் குறைந்த நாட்களில் ஆடு இதனைக் கடிக்கத் தயங்காது. சில மணி நேரத்தில் வாயில் நுரை தள்ளும், வாந்தி எடுக்கும், பல்லைக் கடித்துத் தள்ளாடி விழும். அந்நிலையில் எண்ணெயோ கஷாயமோ வாயில் புகட்டலாகாது. வாந்தி எடுக்கும் ஆட்டிற்குப் புகட்டியது நுரையீரலுக்குள் சென்றுவிடும். உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். எனவே, செடியை வேலிக்கு உட்புறம், ஆட்டின் கழுத்து எட்டாத தொலைவில் நட வேண்டும். கவாத்து செய்த தழையை வேலியோரம் வீசாமல், குழிவெட்டி அன்றே புதைத்துவிட வேண்டும். பூவைக் குழந்தைகள் வாயில் வைக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.