பிள்ளையின் எடைக் கணக்கு



வியாபாரிகளாகிய நாம் தராசு பிடித்துப் பிழைப்பவர்கள். நிறுவையில் ஒரு கிராம் குறைந்தாலும் நாளை மறுமையில் பதில் சொல்ல வேண்டுமே என்று அஞ்சுகிறவர்கள். பிள்ளை பிறந்த ஏழாம் நாள் அகீகா கொடுத்து, தலைமுடி இறக்கி, அந்த முடியையும் நிறுத்து, அதன் எடைக்கு வெள்ளியைத் தருமம் செய்கிறோம். ஆனால் முடியை நிறுத்த நாம், அதற்குப் பிறகு பிள்ளையை நிறுப்பதைப் பெண்களின் காரியம் என்று விட்டுவிடுகிறோம். க்ளினிக்கில் கொடுக்கும் குழந்தைப் புத்தகத்தை விரித்துப் பார்த்த தகப்பன்மார் நம்மில் எத்தனை பேர்? அதிலுள்ள வளைகோடுகளை வாசிக்கும் முறையை இம்மாதம் பார்ப்போம்.

முதலில் நம் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். நம் மூத்த மகளின் ஆண் பிள்ளை ஆறாம் மாதத்தில் 7.9 கிலோ இருந்தான். ஒன்பதாம் மாதம் நிறுத்தபோது 8 கிலோ. "எடை குறையவில்லையே, பிள்ளை சிரித்து விளையாடுகிறானே" என்று நாம் சொன்னோம். மிஸ்ஸி பதில் பேசாமல் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். ஆறாம் மாதத்தில் நடுக்கோட்டின் மேல் இருந்த புள்ளி, ஒன்பதாம் மாதத்தில் அதற்குக் கீழ்க் கோட்டை ஒட்டி வந்திருந்தது. கடை வாடகையும் சரக்கு விலையும் ஏறிக்கொண்டே போக, வியாபாரம் மட்டும் மூன்று மாதமாக ஒரே தொகையில் நின்றால் அதை லாபம் என்போமா? பிள்ளையின் கணக்கும் அதுவேதான்.

அந்தக் கோடுகள் யாவை? ஒரே வயதுள்ள 100 ஆண் பிள்ளைகளை, எடை குறைந்தவன் முதலாக வரிசையில் நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். நடுவில் நிற்பவன் எடையே 50 என்ற கோடு. 15 என்ற கோட்டில் இருப்பவனுக்குப் பின்னால் ஏறக்குறைய 15 பேர், முன்னால் ஏறக்குறைய 85 பேர். இப்படி நூற்றில் எந்த இடம் என்று சொல்வதையே இங்கிலீஷில் பெர்சென்டைல் என்கிறார்கள். 3, 15, 50, 85, 97 என்று கோடுகள் போடுவது வழக்கம். சில அட்டைகளில் நடுக்கோட்டுக்கு 0 என்றும், மேலும் கீழும் 2, 3 என்றும் போட்டிருக்கும். வாசிக்கும் முறை ஒன்றே. பெண் பிள்ளைக்கு அட்டை வேறு.

இங்கே பலர் தவறுகிறார்கள். 15 என்பது பரீட்சை மார்க்கு அன்று. ஒரு வயது ஆண் பிள்ளைக்கு நடுக்கோடு 9.6 கிலோ, 15-ஆம் கோடு 8.6 கிலோ. தாயும் தகப்பனும் சிறு உடம்புக்காரராயிருந்து, பிள்ளை மாதாமாதம் 15-ஆம் கோட்டோடு ஒட்டியே ஏறிவந்தால் அவன் நன்றாகவே வளர்கிறான். பக்கத்துக் கடைக்காரர் பிள்ளை பருமனாயிருக்கிறதென்று டானிக் வாங்கி ஊற்ற வேண்டாம். பார்க்க வேண்டியது இடத்தையன்று, போக்கை. கோடு படுத்துவிட்டாலும், ஒன்றிரண்டு கோடுகளைத் தாண்டி இறங்கினாலும், 3-க்குக் கீழே போனாலும் தாமதியாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். நீளத்துக்குத் தகாமல் எடை மட்டும் மேலே ஓடினாலும் கேட்க வேண்டியதுதான்.

"இது வெள்ளைக்காரப் பிள்ளையின் அளவு, நம் பிள்ளைக்குப் பொருந்துமா?" என்று சிலர் கேட்பதுண்டு. முன்பு அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துப் போட்ட அட்டையே உலகெங்கும் வழங்கியது. 1997 முதல் 2003 வரை உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 பிள்ளைகளை அளந்து, 2006-ல் புதிய அட்டையை வெளியிட்டது. டில்லிப் பிள்ளையும் மஸ்கட் பிள்ளையும் அதில் உண்டு. தாய்ப்பாலும் சுகாதாரமும் சரியாகக் கிடைத்தால், முதல் ஐந்து வயதில் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே வளர்கின்றன என்று அதில் தெரிந்தது.

நிறுக்கும்போது உடுப்பையும் நாப்பியையும் கழற்ற வேண்டும். கூடியவரை ஒரே தராசில் நிறுப்பது நல்லது. பிறந்த முதல் சில நாளில் எடை சற்றுக் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும். அதற்கு அஞ்ச வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, பிறக்க வேண்டிய நாளிலிருந்து வயதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு புள்ளியைக் கொண்டு ஒன்றும் தீர்மானிக்கலாகாது. ஒரு நாள் சிட்டையைப் பார்த்துக் கடையின் நிலையைச் சொல்ல முடியுமா?

சரி, நம் பேரன் ஏன் பின்தங்கினான்? குற்றம் நம்முடையதே. கடைக்குத் தூக்கிவந்தபோதெல்லாம் பிஸ்கட்டைச் சுசுத் தண்ணீரில் நனைத்து ஊட்டினோம். அந்த இனிப்பில் வயிறு நிறைந்து, வீட்டில் கொடுத்த கஞ்சியைத் தள்ளினான். அந்தக் கஞ்சியும் வெறும் தண்ணீராகவே இருந்தது. மிஸ்ஸி சொன்னபடி சுசுவை நிறுத்தி, தாய்ப்பாலோடு, கெட்டியான கஞ்சியில் பருப்பு, மீன், முட்டை, சிறிது எண்ணெய் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு வயதில் 9.2 கிலோ. அல்ஹம்துலில்லாஹ்!

இது புதிய பாடமன்று. ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் 1936-ல் மலாயாவுக்கு வந்து சேவை செய்தவர். சர்க்கரை சேர்த்த டின் பாலைக் கைக்குழந்தைக்கு நல்லதென்று விற்பதால் பிள்ளைகள் சாகின்றன என்று 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் எழுந்து நின்று சொன்னார். அக்கூட்டத்தில் இருந்தவர்களும் நம்மைப் போல் தொழில் வியாபாரம் செய்கிறவர்களே. இன்றும் தோட்டத்துப் பக்கமிருந்து வரும் தாய்மார், "பிள்ளைக்கு எந்தப் பால் அண்ணே?" என்று நம்மைக் கேட்கிறார்கள். அப்போது சுசு டின்னை எடுத்துக் கொடுக்க நம் கை நீளலாகாது. "பிள்ளைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு க்ளினிக்குக்குப் போம்மா" என்று சொல்வோம். ஒரு டின் லாபம் போனால் போகட்டும்.

கடைப் பேரேட்டை வருஷக் கடைசி வரை பாராமல் விடுகிறவன் வியாபாரியல்லன். பிள்ளை நம்மிடம் தந்த அமானத்து. அடுத்த முறை ஊசி போடப் போகும்போது, சகோதரர்களே, கடையை ஒரு மணி நேரம் பையனிடம் விட்டுவிட்டு நீங்களும் கூடப் போய், அந்தப் புள்ளி எங்கே விழுகிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.