விண்மீனில் என்ன இருக்கிறது?

கேஸ் அடுப்பு நீல நிறமாக எரிகிறது. உப்புப் போட்ட உலைநீர் பொங்கி அதில் வழிகிறது. உடனே தீ மஞ்சளாகிறது. ஏன்?

உப்பில் சோடியம் என்ற பொருள் இருக்கிறது. அது சூடானால் மஞ்சள் ஒளி தரும். தீயின் நிறத்தைப் பார்த்தே அதில் என்ன விழுந்தது என்று சொல்லலாம். தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

விண்மீனையும் இப்படித்தான் ஆராய்கிறார்கள். பெங்களூர் விவேக் நகரை அடுத்து கோரமங்கலா இருக்கிறது. அங்கே இந்திய வானியற்பியல் நிறுவனம் உள்ளது. தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையில் காவலூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே இந்த நிறுவனத்தின் பெரிய தொலைநோக்கி உள்ளது. அதன் பெயர் வைணு பாப்பு தொலைநோக்கி. 1986-இல் திறக்கப்பட்டது. அதன் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம்.

தொலைநோக்கி விண்மீனின் ஒளியைச் சேர்க்கிறது. இன்னொரு கருவி அந்த ஒளியை வானவில் போலப் பிரிக்கிறது. அந்த வண்ணப் பட்டையின் நடுநடுவே கறுப்புக் கோடுகள் தெரியும். ஒரு பொருள் எந்த நிற ஒளியைத் தருமோ, அதே நிறத்தை விழுங்கவும் செய்யும். விண்மீனின் மேற்பரப்பில் உள்ள வாயு சில நிறங்களை விழுங்குகிறது. அந்த இடங்கள் கறுப்பாகத் தெரிகின்றன. இரும்புக்கு ஒரு வகைக் கோடுகள். கால்சியத்துக்கு வேறு வகை. அவை கைரேகை போன்றவை.

கோடு இருக்கும் இடம் என்ன பொருள் என்று சொல்லும். எவ்வளவு இருக்கிறது என்பதை எப்படி அறிவது? கோட்டின் அழுத்தத்தை அளக்க வேண்டும். விண்மீனின் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இதற்கு வழி காட்டியவர் மேக்நாத் சாகா. டாக்காவுக்கு அருகே ஒரு கிராமத்தில் மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். அவருடைய கணக்கு 1920-இல் வெளிவந்தது. 1925-இல் செசீலியா பெய்ன் என்ற பெண் அந்தக் கணக்கைப் பயன்படுத்தினார். விண்மீன்களில் மிக அதிகமாக இருப்பது ஹைட்ரஜன் என்று காட்டினார். முதலில் பெரிய அறிஞர் ஒருவரே இதை நம்பவில்லை. பிறகு அவரே ஒப்புக்கொண்டார்.

கோடிக்கணக்கான விண்மீன்களின் கூட்டமே விண்மீன் மண்டலம். வெகு தொலைவில் உள்ள மண்டலத்தில் விண்மீன்களைத் தனித்தனியாகப் பார்க்க முடியாது. எல்லாவற்றின் ஒளியும் கலந்தே வரும். அந்த ஒளியிலும் கோடுகள் உண்டு. அவற்றை அளந்து, அங்கே இரும்பும் மக்னீசியமும் எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள்.

இதனால் என்ன தெரிகிறது? அண்டம் தோன்றியபோது இரும்பு கிடையாது. அது விண்மீன்களுக்குள்ளும் அவை வெடித்தபோதும் உண்டானது. வெளியே சிதறி, பின்னால் பிறந்த விண்மீன்களில் சேர்ந்தது. பூமியிலும் சேர்ந்தது. அதனால் இரும்பு மிகக் குறைந்த விண்மீன் பெரும்பாலும் பழையது.

முருங்கைக் கீரையில் உள்ள இரும்பும், நம் இரத்தத்தில் உள்ள இரும்பும் அப்படி வந்தவைதான். ஏழை, பணக்காரர் எல்லோர் உடலிலும் ஓடுவது அதே இரும்புதான்.

பேசுவோம்

1. வண்ணப் பட்டையில் கறுப்புக் கோடுகள் ஏன் தெரிகின்றன?
2. இரும்பு குறைந்த விண்மீன் பழையது என்று எப்படிச் சொல்கிறார்கள்?