வருகிற வழியை மட்டும் பார்த்தோம்

13,350 ரூபாய். போன வருடம் மாசியில் தொடங்கி வைகாசி வரைக்கும் எங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்கு நான் கொட்டிக் கொடுத்த பணம் இது. வால்வுக்கு 850, போர்டுக்கு 5,600, பிரஷர் பம்புக்கும் குழாய் வேலைக்கும் சேர்த்து 6,900. இவ்வளவுக்குப் பிறகும் மெஷின் ஓடவில்லை. கடைசியில் ஓட வைத்தது நான்தான். அதற்கு ஒரு பழைய டூத் பிரஷ்ஷும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலும் போதுமாக இருந்தது. அந்தப் பணம் போன வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. உங்கள் பணமாவது மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆத்தூர் நரசிங்கபுரத்தில் வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் சேகோ ஃபேக்டரியில் வேலை. மரவள்ளி சீசனில் அவர் சட்டையை உதறினால் வாசலே வெள்ளையாகிவிடும். அதனால் மெஷின் இல்லாமல் எங்களுக்கு ஒரு வாரம்கூட ஓடாது. மாடியில் குடியிருக்கிறோம். மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி. போர் தண்ணீர். மேட்டூரிலிருந்து வருகிற காவிரித் தண்ணீர் குடிக்க மட்டும். உங்கள் வீட்டிலும் அநேகமாக இதே கதைதான் இருக்கும்.

மெஷின் ஏழு கிலோ டாப் லோடு, ஆறு வருடம் பிழையில்லாமல் உழைத்தது. மாசியில் ஒருநாள் துணி போட்டேன். தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் பீப் பீப் என்று கத்தி நின்றுவிட்டது. திரையில் தெரிந்த எழுத்தைப் புத்தகத்தில் தேடினேன். ‘தண்ணீர் வரவில்லை, குழாயைப் பாருங்கள்’ என்று இருந்தது. கம்பெனிக்குக் கம்பெனி எழுத்து மாறும், ஒன்றில் ‘ஐ.இ.’ என்று வரும், இன்னொன்றில் ‘4சி’ என்று வரும். பொருள் ஒன்றுதான்.

அந்தப் பொருளை நாங்கள் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொண்டோம். தண்ணீர் உள்ளே வருகிறதா என்று மெஷினுக்குத் தெரியாது. டப்பின் அடியில் ஒரு சின்னக் காற்று அறை உண்டு. அதிலிருந்து விரல் பருமன்கூட இல்லாத ஒரு ரப்பர் டியூப் மேலே சென்சாருக்குப் போகும். தண்ணீர் ஏற ஏற டியூபுக்குள் காற்று அழுந்தும். அந்த அழுத்தத்தை வைத்துத்தான் மட்டம் எவ்வளவு என்று மெஷின் கணக்குப் போடுகிறது. குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டம் ஏறவில்லை என்றால் ‘தண்ணீர் வரவில்லை’ என்று சொல்லிவிடும். வந்த தண்ணீர் அதே வேகத்தில் ஓடிப்போனாலும் அதற்கு ஒரே பதில்தான்.

முதலில் வந்த மெக்கானிக் தம்பி, “இன்லெட் வால்வு போச்சுக்கா” என்றார். மாற்றினார். மூன்று நாளில் பழையபடி. இரண்டாவதாக வந்தவர் பின்மூடியைக்கூடக் கழற்றவில்லை. மேல் பலகையைத் தூக்கிப் பார்த்து, “போர்டு அடிச்சிருச்சு” என்றார். போர்டு மாற்றி, குறைந்த தண்ணீர் அளவு வைத்து ஓட்டிக் காட்டினார். ஓடியது. அவர் கிளம்பிப் போன பிறகு முழு அளவு வைத்தேன், நின்றுவிட்டது. மூன்றாமவர் தொட்டியை அண்ணாந்து பார்த்தார். “தொட்டி உசரம் பத்தலை, பிரஷர் பம்ப் போடுங்க” என்றார்.

அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயமும் இருந்ததால்தான் நம்பினேன். பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். நிறைய டாப் லோடு மெஷினுக்கு 0.3 பாராவது வேண்டும் என்று போட்டிருப்பார்கள், அதாவது மூன்று மீட்டர் உயரம். எங்கள் தொட்டி கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஆறு வருடமாக அதே தொட்டி, அதே குழாய், அதே உயரம். அப்போதெல்லாம் போதுமாக இருந்த அழுத்தம் இப்போது ஏன் போதவில்லை? இந்தக் கேள்வியை அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பம்ப் போட்டதும் இரண்டு வாரம் நன்றாக ஓடியது. உள்ளே வருவது கசிவதைவிட வேகமாக இருந்ததால் ஓடியிருக்கிறது. கசிவு கூடியதும் மறுபடி பீப்.

இதற்கு நடுவில் என் மாமியார் ஒரு விஷயத்தை மூன்று முறை சொன்னார். “ஏம்மா, நீ துணி போடுற அன்னிக்கு மட்டும் தொட்டி ஏன் இப்படிக் காலியாவுது? காலையில ரொப்புனேன், பதினோரு மணிக்குக் காத்து வருது.” நான், “துணி துவைச்சா தண்ணி செலவாகத்தானே செய்யும் அத்தை” என்று சொல்லிவிட்டு மெக்கானிக் வருகிறாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்கள் குழாயில் பம்ப் இல்லாமல் நிமிடத்துக்கு எட்டு லிட்டர் வரும். மெஷின் 20 நிமிடம் முயற்சி செய்து நின்றால் 160 லிட்டர். நான்கு தடவை ஸ்டார்ட் செய்தால் 640 லிட்டர். துணி நனைந்ததோடு சரி, டப்பில் முழங்கை அளவுகூடத் தண்ணீர் இல்லை. அப்படியானால் அந்த 640 லிட்டர் எங்கே போனது? கையில் டூல்ஸ் பை இருந்தவர்கள் மூன்று பேர். தண்ணீர் மோட்டாரைப் போட்டு நிறுத்துகிறவர் அத்தை. விடை அவரிடம் இருந்தது.

இனி என் தப்பைச் சொல்கிறேன். இந்த 13,350 ரூபாய்க்கும் வேர் இதுதான். அதற்கு முந்தைய தை மாதம் பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்டோம். அதுவரை மெஷினின் கழிவுநீர்க் குழாய் தரையில் திறந்து கிடந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று, சுவருக்குள் பைப் வைத்து, குழாயை அதில் செருகி, வாயை ஒயிட் சிமென்ட் பூசி அடைக்கச் சொன்னேன். கொத்தனார், “வேண்டாங்க, கொஞ்சம் திறப்பு விடுங்க” என்றார். நான் கேட்கவில்லை. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து மெஷினிலிருந்து தண்ணீர் வெளியே போகிறதா இல்லையா என்பது யார் கண்ணுக்கும் தெரியாமல் போனது. பழையபடி திறந்து கிடந்திருந்தால், முதல் நாளே அந்த மெக்கானிக் தம்பி “அக்கா, தண்ணி வெளிய ஓடுதே” என்று சொல்லியிருப்பார்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளக்கைப் பிடுங்கினேன். குழாயை மூடினேன். காலி டப்பின் உள்பக்கம், நடுவில், தையல் சாக்கால் ஒரு கோடு போட்டேன். பக்கெட்டில் தண்ணீர் எடுத்துக் கோடு வரைக்கும் ஊற்றினேன். பிறகு உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கை தைத்தேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் தண்ணீர் கோட்டுக்கு நான்கு விரல் கீழே நின்றது. தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கரண்ட் இல்லாதபோது வெளியேற்றும் வால்வு ஸ்பிரிங் பலத்தில் இறுக மூடியிருக்க வேண்டும். மட்டம் இறங்கினால் அந்த வால்வு மூடவில்லை என்று அர்த்தம். மூன்று மாதமாகத் தெரியாதது கால் மணி நேரத்தில் தெரிந்தது.

ஒயிட் சிமென்ட்டை உளியால் தட்டி எடுத்து, மீதித் தண்ணீரை வடித்து, பழைய கம்பளியை விரித்து மெஷினைப் பக்கவாட்டில் சாய்த்தோம். கழற்றும் முன் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். டப்பின் அடியில், கழிவுநீர்க் குழாய் தொடங்கும் இடத்தில் உருண்டையாக ஒரு பிளாஸ்டிக் மூடி. அதன் மேல் டிரெயின் மோட்டாரின் இழுகம்பி. கம்பியை விடுவித்து மூடியைத் திருகினால் ஸ்பிரிங்கும் கறுப்பு ரப்பரும் கையோடு வந்தன. ரப்பரின் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் படிந்து சொரசொரவென்று இருந்தது. அது உட்காரும் துளையில் வாய் திறந்த ஒரு ஊக்கு குறுக்கே நின்றது. அதைச் சுற்றி நூல் பிசிறும் தலைமுடியும் சுருண்டு, கோலிக்குண்டு அளவில் ஓர் உருண்டை. ரப்பர் ஒருபக்கம் உட்கார்ந்தும் மறுபக்கம் உட்காராமலும் இருந்திருக்கிறது. ஊக்கை எடுத்து, பிரஷ்ஷால் தேய்த்து, திரும்ப மாட்டினேன்.

மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்த இழுகம்பி தண்ணீரை மட்டும் திறப்பதில்லை. அதே இழுப்பில் கீழே இருக்கும் கிளட்ச் நெம்புகோலும் நகர்ந்தால்தான் டப் முழுவதுமாகச் சுற்றிப் பிழியும். நான் முதல் தடவை அதைச் சரியாகக் கொக்கியில் மாட்டவில்லை. துவைத்தது, பிழியவில்லை. எடுத்த படத்தைப் பார்த்து மாட்டினேன், சரியாகிவிட்டது.

நான் கற்றதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

மெஷின் நின்றால் முதலில் கேட்க வேண்டியது, சமீபத்தில் வீட்டில் என்ன மாறியது என்பது. மாறாததைக் குற்றம் சொல்லும் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். தண்ணீர் வரவில்லை என்றால் இன்லெட் குழாயைக் கழற்றிப் பக்கெட்டில் பிடித்து நேரம் பாருங்கள். அதன் வாயில் இருக்கும் சல்லடையைப் பிரஷ்ஷால் கழுவுங்கள். வேகம் சரியாக இருந்தால் உடனே வெளியே போகும் குழாயைப் பாருங்கள். கோடு போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் சோதனைக்குக் காசே வேண்டாம். தண்ணீர் முழுக்க வடிந்தும் ‘வடியவில்லை’ என்று மெஷின் சொன்னால், சென்சாருக்குப் போகும் அந்தச் சின்ன டியூபில் அழுக்கு அடைத்திருக்கலாம். பிழியும்போது தடதடவென்று ஆடினால் கால்களைத் திருகி மட்டம் பாருங்கள்.

கழிவுநீர்க் குழாயின் வாய் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கழிவுநீரை வெளியேற்ற பம்ப் இல்லாத டாப் லோடில் தண்ணீர் தானாக இறங்கித்தான் போகும். அதனால் குழாயை வாசற்படி மேலே ஏற்றியும் விடக் கூடாது.

நம் பக்கத்து போர் தண்ணீருக்கு உப்பு அதிகம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழி இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம். நம் தண்ணீர் எவ்வளவு என்பதை வீட்டுப் பக்கெட்டில் ஏறும் வெள்ளைப் படிவே சொல்லிவிடும். அதே படிவுதான் வால்வு ரப்பரிலும் ஏறுகிறது. மாதம் ஒருமுறை துணி போடாமல், லெமன் சால்ட் நூறு கிராமை வெந்நீரில் கரைத்து ஊற்றி ஓட்டுகிறேன். அன்றைக்கு பிளீச்சிங் பவுடரை அதோடு சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

பிளக்கைப் பிடுங்காமல் எதையும் தொடாதீர்கள். மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கும் கெபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதில் மட்டும் நான் கை வைக்கவில்லை, நீங்களும் வைக்காதீர்கள். எர்த் சரியில்லாத பாத்ரூமில் மெஷினே வேண்டாம். மெஷினின் அடியில் எலி நுழையாமல் தடுக்கும் வலை இருக்கிறதா என்று பாருங்கள்.

யார் வந்து எதை மாற்றினாலும் பில் வாங்குங்கள், கழற்றிய பழைய பொருளையும் கேட்டு வாங்குங்கள். நான் இரண்டையும் கேட்கவில்லை. அதனால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிட்டுச் சொல்லக்கூட என் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. நல்லதாக இருந்த என் பழைய போர்டு இப்போது யார் வீட்டு மெஷினில் ஓடுகிறதோ தெரியாது.

மெஷினைச் சாய்த்த அன்று கொழுந்தனார் வந்திருந்தார். “அண்ணி, பொம்பளைங்க தொடுற வேலையா இது? இருக்கிறதும் போயிடும்” என்றார். இருபத்திரண்டு வருடமாகத் தையல் மெஷினைத் தினமும் கழற்றி மாட்டுகிறவள் நான். மேல்நூல் அறுந்தால் ஊசியை மட்டும் பார்க்காதே, கீழே பாபினையும் எடுத்துப் பார் என்று வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் புத்தி என் கையிலேயே இருந்தது. மெக்கானிக் என்றதும் அதை ஒதுக்கி வைத்தேனே, அதுதான் இன்னும் வலிக்கிறது.

இப்போது ஊக்குகளுக்கு மெஷின் பக்கத்தில் ஒரு டப்பா வைத்திருக்கிறேன். கழிவுநீர்க் குழாய் டைல்ஸ் மேல் திறந்து கிடக்கிறது. யார் அசிங்கம் என்று சொன்னாலும் அங்கேயேதான் கிடக்கும். துணி போட்டதும் அத்தை வந்து அதன் வாயில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, “காஞ்சிருக்கு, போடு” என்கிறார். அதற்குப் பிறகுதான் நான் தையலுக்கு உட்காருகிறேன்.