அப்பப்பாவின் மலரை எழுதுமுன்

அன்புள்ள பிள்ளைக்கு,

அப்பப்பாவின் 31ஆம் நாள் நினைவு மலருக்கு வாழ்க்கை வரலாறு எழுதும் பொறுப்பு உன் தலையில் விழுந்திருக்கிறதாம். நீ அனுப்பிய பக்கத்தை வாசித்தேன். “பாசமிகு தந்தை, பண்பான கணவர், தன்னலமற்ற சமூகத் தொண்டர்.” யாழ்ப்பாணத்து அச்சகங்களில் இந்த வரி எப்போதும் தயாராகவே இருக்கும், பெயரை மாற்றினால் போதும். தேவாரமும் திதி வெண்பாவும் வழக்கப்படி வரட்டும். நடுவிலுள்ள நாலு பக்கமாவது அவருடையதாக இருக்க வேண்டாமா?

சனசமூக நிலையத்தில் அவர் வகித்த பதவிகளை ஒரு வரியில் முடித்துவிடு. அங்குள்ள வாசிகசாலையின் பேப்பரைத் தாள்தாளாகப் பிரித்து ஆறு பேர் வாசிப்போம். இருட்டியபின் மேசையிலும் வாங்கிலும் கிடக்கும் தாள்களைப் பொறுக்கி, பக்க ஒழுங்கில் அடுக்கி, மாதம் முடிய ஊசி நூலால் தைத்து வைப்பவர் அவர். 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லாத வருடங்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் எங்களுக்கு றேடியோ கேட்கப் பண்ணினார். சில்லு இரைகிற இரைச்சலில் அவருக்குச் செய்தி பாதிதான் கேட்கும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் வலிகாமமே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது நானும் அப்பப்பா குடும்பத்தோடு நடந்தேன். கொட்டும் மழை. நாவற்குழிப் பாலத்தில் சைக்கிளை உருட்டவும் இடமில்லை. முன் பாரில் உன் சின்ன மாமி. கரியரில் நிலையத்தின் தகரப்பெட்டி. அதற்குள் ஊர்க் குடும்பங்களின் பதிவும் கணக்குக் கொப்பிகளும். வெளிக்கிடும்போதே அப்பம்மா, “தையல் மெசின்ர தலையையாவது கழற்றிக் கட்டுங்கோவன்” என்று கெஞ்சினா. பெட்டி ஊர்ச் சாமான் என்று அவர் அதைத்தான் கட்டினார். சாவகச்சேரியில் பள்ளிக்கூடத் தரையில் படுத்துக் கிடந்த எங்கள் ஊர்ச் சனத்துக்கு நிவாரணப் பட்டியல் எழுத அந்தப் பதிவுதான் கைகொடுத்தது. 1996இல் திரும்பி வந்தபோது வீட்டில் தையல் மெசின் இல்லை. அப்பம்மாவின் கைச் சம்பாத்தியம் அதோடு போயிற்று.

இதை மலரில் போட்டால் பெயர் கெடும் என்று பெரியப்பாமார் சொல்லக்கூடும். எனக்கு அப்படிப் படவில்லை. குடும்பம் ஒரு தலைப்பு, ஊர் இன்னொரு தலைப்பு என்று நீ பிரித்து எழுதினால்தான் பொய்யாகும். அவர் ஊருக்குக் கொடுத்ததில் ஒரு பங்கு அப்பம்மாவிடமிருந்து எடுத்தது. அவருக்கும் அது தெரியும். பிறகு சீட்டுக் காசில் ஒரு பழைய மெசின் வாங்கி, வாரை மாற்றி, எண்ணெய் விட்டுத் தந்தார். கூட்டம் முடிந்து பத்து மணிக்கு வந்தாலும், குந்தியிருந்து அப்பம்மா தைத்த சட்டைகளுக்குத் தெறி கட்டிக் கொடுப்பார். எங்களில் சிலர் பகிடி பண்ணினோம். அவர் பாட்டுக்குக் கட்டினார்.

அப்பம்மாவுடன் போனில் கதை. “அப்பப்பாவைப் பற்றிச் சொல்லுங்கோ” என்று தொடங்காதே. “நல்ல மனிசன்” என்று முடித்துவிடுவா. மெசினைப் பற்றிக் கேள்.

அச்சுக்குக் கொடுக்குமுன் வம்சாவழியைச் சின்ன மாமியிடம் காட்டு. மருமக்கள் பெயரில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் ஆண்டுத் திவசம் வரைக்கும் அதைத்தான் கதைப்பார்கள்.

அன்புடன்,
பக்கத்து வளவுத் தாத்தா